கொட்டாஞ்சேனைக்குப் போன அம்புலன்ஸ்

கொழும்பு வெள்ளவத்தையில் ஸ்ரீஸ்கந்தராசாவின் வீடு எது என்று எந்த ஓட்டோக்காரருக்கும் தெரியாது. குடிவந்து எத்தனையோ வருசமாகியும் தெரியாது. தெரிந்தால்தானே! மனிதர் ஒரு நாளாவது தன் வீட்டு வாசலில் இறங்கியதில்லை. அடுத்த லேனுக்குள் ஓட்டோவை விடச்சொல்லி, யாரோ ஒருவருடைய கேற்றுக்கு முன்னால் இறங்கி, கதவுத் திறப்பைத் தேடுகிறவர் போலப் பையைத் தடவிக்கொண்டு நிற்பார். ஓட்டோ திரும்பிக் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் தன் வீடு இருக்கிற பொஸ்வெல் பிளேஸ் பக்கம் நடையைக் கட்டுவார். மழை கொட்டினாலும் அதே கூத்துத்தான். மரக்கறிப் பையோடு பின்னால் நனைந்துகொண்டு வரும் பத்மாவதி, "எங்கட வீட்டில என்ன தங்கக் கட்டியே கிடக்குது?" என்று கேட்பாள். அவர் நடையை இன்னும் எட்டிப் போடுவார்.

சந்தேகம் என்றால் ஏதோ அப்பப்ப வந்து போகிற சந்தேகமில்லை. அவருக்கு அது மூச்சு மாதிரி. மார்க்கெட்டில் நிறுத்து வாங்கிய மீனை, தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் பஸீரின் கடைத் தராசில் இன்னொரு தரம் வைத்துப் பார்ப்பார். பஸீரின் தராசிலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இரண்டு கள்ளத் தராசும் ஒரே நிறையைக் காட்டினால் அது சரியாக இருக்கக்கூடும் என்பது அவருடைய நியாயம். தபால், பார்சல் எது வந்தாலும் பஸீரின் கடை விலாசத்துக்குத்தான் வரும். அந்த மனிதனும் பாவம், முகம் சுளிக்காமல் வாங்கி வைப்பான். இவர் அதைப் பிரித்துப் பார்த்து, திரும்ப ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துத் தடவிய பிறகுதான் மேலே கொண்டுபோவார்.

கைத்தொலைபேசி வந்தபிறகு சந்தேகப்பட இன்னும் நிறைய விசயம் கிடைத்தது. தெரியாத நம்பர் என்றால் எடுக்கமாட்டார். இருக்கிற இடத்தைக் காட்டும் வசதியை வாங்கிய அன்றே மூடுவித்தார். லிங்க் என்று எது வந்தாலும் திறக்காமலே அழிப்பார். இதிலெல்லாம் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஏமாந்துபோன அக்கம்பக்கத்தாரின் கதைகளைப் பத்மாவதிக்குச் சொல்லி, "நான் விடுவனே?" என்று முடிப்பார்.

இந்த மனிதர் பிறக்கும்போதே இப்படிப் பிறந்தாரா என்றால், இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து இளந்தாரியாக வந்து, கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்காகச் சேர்ந்தபோது, கண்டவரோடெல்லாம் சிரித்துக் கதைக்கிற ஆளாகத்தான் இருந்தார். அப்போது குடியிருப்பு கொழும்பின் மற்ற முனையில் இருக்கும் கொட்டாஞ்சேனையில், மேபீல்ட் ரோட்டில், ஒரு லொட்ஜின் மாடி அறையில். அறையைப் பங்குபோட்டவர் ராகுலன் என்ற சிநேகிதர். சண்டைக்காலம். விடியமுன்னமே சுற்றிவளைப்பு வரும், ஆமிக்காரர் எல்லாரையும் றோட்டில் வரிசையாக நிறுத்திப் பெயரும் விலாசமும் கேட்பார்கள். அடையாள அட்டையிலும் பொலிஸ் பதிவிலும் இருக்கிற விலாசமும் வாயால் சொல்கிற விலாசமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு சொல் தடக்கினாலும் போச்சு. ஒருநாள் ராகுலன், முதல்நாள் தங்கியிருந்த ஹெவ்லொக் டவுன் மாமி வீட்டை வாய்தவறிச் சொல்லி, பிறகு லொட்ஜைச் சொன்னார். இரண்டு விலாசமா உனக்கு என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். மாதக்கணக்கில் தடுப்பில் இருந்து திரும்பி வந்தவர், யாரோடும் முகம் பார்த்துக் கதைக்காத ஆளாக வந்தார்.

அன்றிலிருந்து ஸ்ரீஸ்கந்தராசா அந்த விலாசத்தைச் சிங்களத்தில் பாடமாக்கினார். பல்லுத் தீட்டும்போது சொல்வார், பஸ்ஸில் மனசுக்குள் சொல்வார். கேட்கிற குரல் கேட்டு முடிக்கமுன்னம் வலது கை சட்டைப்பையில் இருக்கிற அட்டைக்குப் போய்விடும், வாய் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிடும். எத்தனையோ தடவை அது அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

பிறகு கொஞ்சம் வயசு போன பிறகு கலியாணம். பத்மாவதிக்கு வெள்ளவத்தையில் பள்ளிக்கூடத்தில் தையல் ரீச்சர் வேலை. அதனால் இங்கே வந்தார்கள். அட்டையில் விலாசத்தை மாற்றினாரா? மாற்றவில்லை. மாற்றப் போனால் ஏன் மாற்றுகிறாய், எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய் என்று ஒன்றுக்குப் பத்தாகக் கேட்பார்கள் என்றார். சண்டை முடிந்தது, காவலரண்களைக் கழற்றினார்கள், அந்த இடங்களில் பூச்சாடியும் வைத்துவிட்டார்கள். அட்டை மாறவில்லை. கந்தோர், பொலிஸ், வங்கி என்று எது கேட்டாலும் கொட்டாஞ்சேனைதான்.

பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும்தான். பத்மாவதி அவருக்கு நேர் எதிர். லிப்டில் ஏறி மூன்றாம் மாடி வருவதற்குள் பக்கத்தில் நிற்கிறவரின் குடும்பக் கதையைக் கேட்டு, தன் கதையையும் சொல்லி முடித்துவிடுவாள். "ஊருக்கெல்லாம் ஏன் கொட்டுறாய்?" என்று அவர் எரிந்துவிழுவார். அவள் கேட்டதில்லை. அந்த வீட்டில் இரண்டு பேருக்குமான கதையை அவள் ஒருத்தியே கதைத்தாள் என்று சொன்னால் பிழையில்லை.

ஒருநாள் காலையில் சாப்பிடும்போதே கை விறைக்கிறது என்று சொன்னாள். கைக்கு மேல் சரிந்து படுத்திருப்பாய் என்றார் இவர். பிறகு ஹோலில் இருந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்கும்போது கதிரையோடு சரிந்து தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் மட்டும் திறந்தபடி அவரையே பார்த்தது. கீரை எல்லாப் பக்கமும் சிதறிக் கிடந்தது.

போனை எடுத்து அம்புலன்ஸுக்கு அடித்தார். சிங்களத்தில் ஒரு பெண் குரல் பெயரும் விலாசமும் கேட்டது, சொன்னார். வருகிறோம் என்றார்கள். அதுக்குப் பிறகு அவர் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! யன்னலுக்கு ஓடினார், பத்மாவதியிடம் ஓடினார், தண்ணீர் எடுத்துவந்தார், பருக்கப் பயந்து வைத்தார். வண்டி வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு தெரியாத நம்பர் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வெட்டினார். திரும்ப அடித்தது. திரும்ப வெட்டினார். ஆள் சாகக் கிடக்கிற நேரத்திலும் இந்தக் கள்ளர் விடுகிறார்களில்லையே என்று வாய்விட்டுத் திட்டினார். கடைசியில் சத்தம் கேட்டு மேலே ஓடிவந்த பஸீர்தான் அவருடைய கையில் இருந்த போனைப் பறித்துக் காதில் வைத்தான். சிங்களத்தில் ஏதோ கதைத்தான். பிறகு திரும்பி, "அய்யா, அம்புலன்ஸ்காரங்க கொட்டாஞ்சேனைக்குப் போய் நிக்காங்களாம்" என்றான்.

பக்கத்து வண்டிகளெல்லாம் வேறு நோயாளிகளோடு நின்றபடியால், காலி நகரத்துக்குப் போகிற காலி வீதியின் நெரிசலுக்குள்ளால் அதே வண்டிதான் திரும்பி வந்தது. அதில் வந்த பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்து பத்மாவதியைப் பார்த்தாள். அவள் சட்டையில் நிலூஷா என்று பெயர் குத்தியிருந்தது. அந்த நிலையிலும் ஸ்ரீஸ்கந்தராசா அந்தப் பெயரைக் கவனமாக மனசில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்ன ஒன்றுதான் அவருடைய நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறதாம். கை விறைக்கத் தொடங்கிய நேரத்தில் இருந்து ஒரு எல்லைக்குள் அதைப் போடவேண்டுமாம். இவர்கள் வந்து சேர்ந்தபோது அந்த எல்லை இப்பத்தான் தாண்டியிருந்ததாம். அந்த ஊசி போடப்படவில்லை. பத்மாவதி உயிரோடு வீட்டுக்கு வந்தாள். வலது கையும் பேச்சும் வரவில்லை. "ஓம்" என்ற ஒரு சொல் மட்டும் வந்தது.

வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை அவரால் தாங்கமுடியவில்லை. என் மனிசியின் அந்த நேரத்தைக் களவெடுத்தவர் யார்? இந்தக் கேள்வி ஒன்றைத்தான் அவர் சோற்றோடு தின்றார், நித்திரையோடு கிடந்தார். விடையும் அவரிடமே இருந்தது. தமிழ்ப் பெயரைக் கேட்டதும் தமிழர் என்றால் கொட்டாஞ்சேனைதான் என்று எண்ணி, சொன்ன விலாசத்தைக் காதிலும் போடாமல் வண்டியை அங்கே விட்டிருக்கிறார்கள். அங்கே ஆறுதலாகச் சுற்றித் திரிந்துவிட்டு வந்திருக்கிறாள் அந்த நிலூஷா. சும்மா விடுவதா?

அம்புலன்ஸ் கந்தோருக்கு முறைப்பாடு எழுதினார். உங்கள் அழைப்பின் ஒலிப்பதிவு இருக்கிறது, வந்து கேளுங்கள் என்று பதில் வந்தது. போவாரா அவர்? அவங்கட கந்தோர், அவங்கட மெசின், இந்தக் காலத்தில் கம்பியூட்டரில் யாருடைய குரலில் எதையும் சொல்லவைக்கலாம் என்றார். அதற்கும் மேலே உள்ளவர்களுக்கு எழுதினார், அதற்கும் மேலே எழுதினார். கடைசியில் விசாரணை என்றார்கள். அது முடியும்வரை நிலூஷாவை வண்டியில் ஏறவேண்டாம் என்று நிறுத்திவைத்துவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டார். அன்று வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

ஒரே ஒரு உபத்திரவம். அவர் மேசையில் முறைப்பாட்டுக் கடதாசிகளை விரித்தால் போதும், பத்மாவதி இடது கையால் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டி ஊற்றிவிடுவாள். முதல் தடவை கை தவறியது என்று நினைத்தார். பிறகு பார்த்தால் ஒவ்வொரு தடவையும் அதே வேலை. வருத்தக்காரர் இப்படித்தான் கோபப்படுவார்கள் என்று பிசியோதெரபிக்கு வருகிறவர் சொன்னார். இல்லை, அவங்களுக்குப் பயந்து என்னைத் தடுக்கிறாள் என்று இவர் நினைத்தார். "நீ பயப்படாதை. உனக்காகத்தான் செய்யிறன்" என்று சொல்லிக்கொண்டே, நனைந்த கடதாசியை யன்னலில் காயப்போடுவார். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

விசாரணைக்கு ஒரு கிழமை இருக்கையில் செலீன் என்றொருத்தி வந்தாள். பின்னேர வெயில் நேரம். மணி அடித்தது. கதவின் சின்னக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். முப்பது வயது மதிக்கத்தக்க பெண், தோளில் பை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. உள்கதவைத் திறந்தார், கம்பிக்கதவைத் திறக்கவில்லை.

பல்கலைக்கழக ஆராய்ச்சி ஒன்றுக்காக வருகிறேன் என்றாள். நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரமுன்னம் என்ன நடக்கிறது, எங்கே நேரம் போகிறது, எதைத் திருத்தினால் அடுத்த ஆளைக் காப்பாற்றலாம் என்று பார்க்கிறார்களாம். கொழும்பில் பாரிசவாதம் வந்த நிறையப் பேரின் வீடுகளுக்குப் போகிறார்களாம். ஆஸ்பத்திரியில் இருந்து போகும்போது பத்மாவதி தலையாட்டிச் சம்மதித்துப் பெருவிரல் அடையாளம் வைத்தாளாம், சரியான விலாசமும் அம்புலன்ஸ்காரர் எழுதிக் கொடுத்த குறிப்பில் இருந்து ஆஸ்பத்திரியில் கிடைத்ததாம்.

ஓகோ, விசாரணைக்கு முதல் ஆள் அனுப்பிவிட்டார்களே என்று எண்ணினார் ஸ்ரீஸ்கந்தராசா. கம்பிக்கு அந்தப் பக்கம் அவளை நிறுத்திவைத்துக் கேட்கத் தொடங்கினார். பெயர் என்ன, சொந்த இடம் எது, இப்போது இருப்பது எங்கே, எங்கிருந்து வருகிறாய், இங்கிருந்து எங்கே போவாய், யார் அனுப்பியது, அடையாள அட்டை எங்கே? அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார், படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இந்தக் கேள்விகளை அவர் யாரிடம் படித்தார் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. செலீன் ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். பிறந்ததும் வளர்ந்ததும் கொட்டாஞ்சேனை என்றாள். அந்தப் பெயரைக் கேட்டதும் அவருடைய முகம் இன்னும் இறுகிற்று.

வேண்டாம் என்று கதவைச் சாத்தப்போன நேரம் உள்ளே இருந்து பெரிய சத்தம் கேட்டது. பத்மாவதி ஊன்றுகோலால் கதிரைக் காலில் அடித்துக்கொண்டிருந்தாள். "ஓம்" என்றாள். திரும்பவும் அடித்து, "ஓம்! ஓம்!" என்றாள். உள்ளே வரவிடச் சொல்கிறாள் என்று விளங்கிற்று. ஏன் என்று விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, வேண்டாவெறுப்பாகப் பூட்டைக் கழற்றினார்.

செலீன் கொடுத்த தகவல் தாள் மூன்று மொழியில் இருந்தது. மூன்றையும் வாசித்தார். மூன்றிலும் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். விரும்பிய நேரம் விலகிக்கொள்ளலாம் என்ற வரியில் விரல் நின்றது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் இப்படி எழுதுகிறான் என்று கேட்டார். அந்தப் பெண் சிரிக்காமல், எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவது அங்கிள் என்றாள். யார் காசு கொடுக்கிறார்கள், அம்புலன்ஸ்காரருக்கும் உங்களுக்கும் என்ன தொடுப்பு, நான் சொல்வது விசாரணைக்குப் போகுமா என்று குடைந்தார். போகாது என்றாள். பெயர்கூட எழுதமாட்டோம் என்றாள். பெயர் எழுதாத எழுத்தை அவர் வாழ்க்கையில் எங்கே கண்டார்! ஆனால் ஒரு யோசனையும் வந்தது. இவள் வாயைக் கிளறினால் அவர்கள் விசாரணைக்கு என்ன கதையோடு வரப்போகிறார்கள் என்று பிடிக்கலாம். சரி, கேள் என்றார்.

பத்மாவதிக்குப் பக்கத்தில் தேத்தண்ணியை வைத்துவிட்டு, இவரும் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கேள்விகள் சாதாரணமாகத்தான் தொடங்கின. அன்ரி என்ன செய்துகொண்டிருந்தார், எப்படி விழுந்தார், முதலில் யாரைக் கூப்பிட்டீர்கள். எல்லாவற்றுக்கும் சாட்சிக்கூட்டில் நிற்கிறவர் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். போனில் இடம் காட்டுகிற வசதி திறந்திருந்ததா என்று கேட்டாள். அதை ஏன் நான் திறக்கிறேன் என்றார். இருக்கிற இடத்தை அறிய ஒரு லிங்க் அனுப்புவார்களே, வந்ததா? வந்திருக்கும், தான் அப்படி வருவதைத் திறப்பதில்லை, கள்ளர் அனுப்புவது என்றார். காத்திருந்த நேரத்தில் அழைப்பு ஏதும் வந்ததா?

"ஒரு நம்பர் விடாமல் அடிச்சது. ஆரெண்டு தெரியாது. நான் வெட்டிப்போட்டன்."

சொல்லும்போது பழைய பெருமை குரலில் இருந்தது. செலீனின் பேனை கொஞ்ச நேரம் எழுதவில்லை. அவள் எழுதாமல் இருந்ததை அவர் கண்டார். பஸீர் போனைப் பறித்தபோது அதே நம்பர்தானே அடித்துக்கொண்டிருந்தது? இத்தனை நாளும் அந்த இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. சரி, அது பிறகு நடந்தது, அவர்கள் முதலே பிழையான இடத்துக்குப் போய்விட்டார்களே என்று தன்னைத்தானே சமாளித்தார்.

"அடுத்தது, போன்ல கதைச்சது" என்றாள் செலீன். ஆட்களுக்கு அந்த நேரப் பதற்றத்தில் சொன்னது சரியாக நினைவில் நிற்பதில்லையாம். அதனால் அங்கே கேட்கிற மாதிரியே இவர்கள் கேட்டுப் பார்ப்பார்களாம், அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொன்னால் போதுமாம். எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்வார்களாம்.

இதுதான் பொறி என்று நினைத்தார் ஸ்ரீஸ்கந்தராசா. நினைத்து, விழமாட்டேன் என்றும் முடிவெடுத்தார். பொஸ்வெல் பிளேஸ், வெள்ளவத்தை. அதை நாக்கு நுனியில் ஆயத்தமாக வைத்துக்கொண்டார்.

செலீன் தாளைப் பார்த்து, அந்த அழைப்பில் கேட்கிறவர்களின் அதே சிங்களத்தில், அதே தட்டையான குரலில் கேட்டாள்.

"நம கியன்ன. லிபினய கியன்ன."

பெயரைச் சொல், விலாசத்தைச் சொல். அவ்வளவுதான். ஸ்ரீஸ்கந்தராசா எழுந்து நின்றுவிட்டார். எழும்பியது அவருக்கே தெரியாது. வலது கை சட்டைப்பைக்குப் போயிற்று. பெயர் வந்தது, பின்னாலேயே மற்றதும் வந்தது.

"அங்க ஹதலிஸ் துன, மேபீல்ட் பார, கொட்டஹேன, கொலம்ப தஹதுன."

நாற்பத்துமூன்றாம் இலக்கம், மேபீல்ட் ரோட், கொட்டாஞ்சேனை, கொழும்பு பதின்மூன்று. ஒரே மூச்சு. ஒரு சொல் தடக்கவில்லை.

வெளியே காலி வீதியில் பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது. அவர் இன்னும் நின்றபடிதான் நின்றார். திருப்தியோடு நின்றார், பாவம், சரியாகச் சொல்லிவிட்ட திருப்தி. செலீன் அவரைப் பார்க்காமல் தாளைப் பார்த்தபடி சொன்னாள்.

"அங்கிள், அது எங்கட றோட்."

எது என்று கேட்டார்.

"இப்ப நீங்க சொன்னது. மேபீல்ட் ரோட், நாப்பத்துமூண்டு. அந்த லொட்ஜ் இப்ப இல்லை அங்கிள். உடைச்சு ஃப்ளாட் கட்டிட்டாங்க."

இல்லை என்றார். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். சொல்லும்போதே தன் வலது கை சட்டைப்பையில், அட்டையைப் பிடித்தபடி இருப்பதைக் கண்டார். கையை வெளியே எடுக்க அவரால் முடியவில்லை. இடிக்கப்பட்ட லொட்ஜின் இடத்தில் நிற்கிற ஒரு ஃப்ளாட்டில், மாடி மாடியாக ஏறி, கதவு கதவாகத் தட்டி, ஸ்ரீஸ்கந்தராசா என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுத் திரிகிற நிலூஷாவை நினைத்தார். பிடிக்க ஒரே ஒரு கொழுகொம்புதான் மிச்சம். மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு நான் வெள்ளவத்தை எண்டுதானே சொன்னனான், பத்மா?"

பத்மாவதி அவரை நேராகப் பார்த்தாள். தலையை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தாள்.

அன்றைக்குத் தரையில், அவருடைய காலடியில்தான் கிடந்தாள். கண் திறந்திருந்தது. காது கேட்டது. கொட்டாஞ்சேனை, கொட்டாஞ்சேனை என்று அவர் போனில் ஒப்புவித்ததை, கொட்டாஞ்சேனையா என்று அந்தக் குரல் திருப்பிக் கேட்க இவர் ஓமென்று சொன்னதை, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். லிப்டில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் தன் வீடு எது என்று சொல்லித் திரிந்தவள், அதைச் சொல்லவேண்டிய அந்த ஒரு நேரத்தில் வாய் திறக்க முடியாமல் கிடந்திருக்கிறாள்.

"உனக்கு அப்பவே தெரியுமே?"

"ஓம்" என்றாள் பத்மாவதி.

ஸ்ரீஸ்கந்தராசா கதிரையில் இருந்தார். இருந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம். மேசையில் முறைப்பாட்டுக் கோப்பு கிடந்தது. ஒவ்வொரு கடதாசியிலும் தேத்தண்ணிக் கறை. ஒன்று, இரண்டு என்று எத்தனை தடவை தட்டி ஊற்றினாள்! அவளுக்குப் பயம் என்றல்லவா நினைத்தேன் என்று நினைத்தார். அழுகை வந்தது. அதை மறைக்கிற பழக்கம்கூட அந்த நேரம் மறந்துபோயிற்று. ஊர் முழுக்கச் சந்தேகப்பட்ட மனிதர், பஸீரின் தராசைச் சந்தேகப்பட்டவர், ஒட்டிய பார்சலைச் சந்தேகப்பட்டவர், தன் வாயை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

செலீன் அவரை ஆறுதல் படுத்தப் பார்த்தாள். இப்படி நிறைய வீட்டில் நடக்குது அங்கிள், பதற்றத்தில் ஆட்கள் பழைய வீட்டைச் சொல்லுவார்கள், அதைக் கண்டுபிடித்துக் கேள்வியை மாற்றத்தான் இந்த ஆராய்ச்சியே என்றாள்.

"விலாசம் தெளிவில்லை எண்டு போடுறன். பிழை ஆரில எண்டு நாங்க கேக்கிறேல்லை, அங்கிள்."

"நான் கேட்டனான்தானே" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

அவர் கோப்பைத் திறந்தார். மேலே கிடந்த கடிதத்தில் விசாரணைக் கந்தோரின் நம்பர் இருந்தது. மூக்குக் கண்ணாடியைச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார். இன்னும் ஒரு கிழமை இருந்தது. அவர் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியவராது. ஒலிப்பதிவு பொய் என்று சொல்லி, அதையும் பாதிப்பேரை நம்பவைத்துவிட்டார். செலீனும் சொல்லமாட்டாள். பத்மாவதியால் சொல்ல முடியாது. இதெல்லாம் அவருக்கும் அந்த நேரம் மனசில் ஓடாமல் இல்லை. மணி போய்க்கொண்டிருந்தது. வெட்டிவிடலாமா என்று கட்டைவிரல் ஒரு தரம் அசைந்தது.

அந்தப் பக்கம் எடுத்தார்கள். ஒரு பெண் குரல்.

"நம கியன்ன. லிபினய கியன்ன."

பெயரைச் சொன்னார். கை தன்பாட்டில் சட்டைப்பைக்குப் போயிற்று. "அங்க ஹதலிஸ்..." என்று வாய் தொடங்கியும் விட்டது.

பத்மாவதி கதிரையில் இருந்து முன்னால் சரிந்து, இடது கையை நீட்டி, சட்டைப்பையில் இருந்த அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். இறக்கின பிறகும் விடவில்லை.

ஸ்ரீஸ்கந்தராசா மூச்செடுத்தார். கொட்டாஞ்சேனை இல்லை, வெள்ளவத்தை என்றார் சிங்களத்தில். பாடமில்லாத விலாசம், தடக்கித் தடக்கித்தான் வந்தது. பொஸ்வெல் பிளேஸ், பச்சைக் கேற்று, கீழே பஸீரின் கடை, மூன்றாம் மாடி, லிப்டுக்கு நேரே இருக்கிற கதவு என்று, மற்றப் பக்கம் எழுதி முடிக்கும்வரை பொறுத்துப் பொறுத்து, ஒன்றும் விடாமல் சொன்னார். என்ன விசயமாக எடுக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். தமிழ் விளங்குமா என்று கேட்டார். விளங்கும் என்றாள்.

"அண்டைக்கு இந்த விலாசத்தைத்தான் நான் சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை, பிள்ளை" என்றார். "நிலூஷாவில பிழை இல்லை. அவவைத் திரும்ப வண்டியில ஏத்துங்கோ."